அம்மன் கதவில் அப்பா வைத்த ரிலே

எங்கள் வயதுக்காரருக்கு மின்சாரம் என்றால் முதலில் காதில்தான் ஞாபகம் வரும். வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கலியாண வீடோ செத்த வீடோ, எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் இருமி இருமி, பிறகு ஒரே சத்தமாக இழுத்துப் பிடித்தால்தான் வெளிச்சம். பொழுது பட்டால் வாவிக்கு அந்தப் பக்கம் விளக்குகள் வரிசையாக மினுங்கும். நாங்கள் கரைச்சேற்றில் கால் புதைய நின்று பார்ப்போம். நடுவில் பாதை ஓடியது. பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் தட்டைப் படகு. இப்போது அங்கே பாலம். உங்கள் பிள்ளைகள் பாதை என்றால் றோட்டு என்றுதான் நினைப்பார்கள்.

நான் சொல்லப்போவது சமாதான காலத்தில் வந்த ஒரு வைகாசி. பற்றரி கொண்டுவர விடாத காலம் முடிந்து, சோதனைச் சாவடியில் பையை மேலோட்டமாகத் தடவிவிட்டு அனுப்பிய காலம். நான் ஆண்டு ஏழு படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை.

அப்பா எங்கள் ஊர்க்காரர் இல்லை. கல்குடாப் பக்கம். நம் முறைப்படி, கலியாணம் முடித்ததும் அம்மாவின் வீட்டுக்கு வந்து இருந்தவர். வீடு அம்மாவின் சீதனம். வளவில் நின்ற தென்னையும் அம்மாவின் சீதனம். அப்பாவுக்கு என்று இருந்தது ஒரு பழைய ஜெனரேட்டர், நாலு ஸ்பீக்கர் குழாய், காக்கிக் காற்சட்டையின் ஒரு காலை வெட்டித் தைத்த, குறடும் வயரும் போடுகிற ஆயுதப் பை. கோயில், கலியாணம் என்று வாடகைக்குப் போவார். ஊரில் அவரை "என்ஜின்காரர்" என்றுதான் சொல்வார்கள். அது மரியாதையா, இல்லையா என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

மாமா அம்மாவின் அண்ணன். வெல்லாவெளிப் பக்கம் ஒரு வயல்வட்டை முழுக்க அவருடையது. அதைவிடப் பெரிய விஷயம், அவர்தான் எங்கள் கண்ணகி அம்மன் கோயிலின் வண்ணக்கர். பூசை செய்கிறவர் கட்டாடியார். ஆனால் பூட்டுத் திறப்பு, கணக்கு, யார் எங்கே நிற்பது, எல்லாம் வண்ணக்கர் சொல்வதுதான். அந்தக் கோயில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கும். திறக்கிற நேரம் ஊரே மூச்சுப் பிடித்து நிற்கும். யாரும் இருமக்கூட மாட்டார்கள். கதவு திறபட்டதும் பெண்கள் குரவையிடுவார்கள். சில நாள் பூசை நடந்து, கடைசியில் குளிர்த்தியோடு மறுபடி பூட்டுவார்கள்.

அந்த வருடம் சடங்குக்கு முன் ஒருநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அடுப்புத் தணலில் ஈயம் பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கிக்கொண்டு இருந்தார். கரண்ட் இல்லாத ஊரில் ரேடியோ திருத்துகிறவர் அப்படித்தான் செய்ய வேண்டும். ஈயப் புகை சாம்பிராணி மாதிரி மணக்கும்.

"மச்சான், கதவு திறக்கிற நேரம் உள்ளுக்க ஒரு வெளிச்சம் வேணும்," என்றார் மாமா. "எண்ணெய் விளக்குல பின்னால நிக்கிற சனத்துக்கு அம்மன்ட முகம் தெரியுதில்ல."

"சுவிச்ச ஆரு போடுற? கட்டாடியாருக்கு முன்ன ஆரும் உள்ள போகேலாதே."

"அதுக்குத்தான் உங்கள்ட்ட வந்தனான். கதவு திறந்தா அதுவா பத்த வேணும்."

அப்பா இரும்பைத் தணலை விட்டு எடுத்து வைத்தார். பிறகு பையைத் துழாவி ஒரு சின்ன நீலப் பெட்டியை எடுத்தார். தீப்பெட்டியில் பாதி இருக்கும். யாரோ எறிந்த ஸ்டெபிலைசரில் கழற்றியது. அடியில் ஐந்து கம்பிகள் பல்லு மாதிரி நின்றன.

"இது ரிலே. இந்த ரெண்டு பல்லுக்கும் மோட்டார் சைக்கிள் பற்றரியில இருந்து பன்னிரண்டு வோல்ட் குடுத்தா, உள்ளுக்க ஒரு காந்தம் இழுக்கும். இழுத்தா மற்ற மூண்டு பல்லுல ரெண்டு சேரும். அதுக்குள்ளால ஜெனரேட்டர் கரண்ட் பல்புக்குப் போகும். கதவில நான் பற்றரி வயரை மட்டும்தான் கொண்டுவருவன். நீங்க ஈரக் கையால பிடிச்சாலும் ஒண்டும் செய்யா."

"சின்னக் கரண்ட் பெரிய கரண்டத் திறந்து விடுது."

"ஓம். மடைப் பலகையைத் தூக்க ஒருத்தர் போதும்தானே. குளத்துத் தண்ணி தன்ட பாட்டுக்குப் போகும்."

மாமாவுக்கு அது பிடித்துப்போயிற்று. வயல்காரர். ஆனால் அப்பா மறுபடி கேட்டார். "உள்ளுக்க பல்பு பூட்டுறதெண்டா கதவத் திறக்க வேணுமே மச்சான். சடங்குக்கு முன்ன எப்பிடி?"

"திறப்பு என்ட கையில. நான் நிக்கிறன். நீங்க வாய் திறக்காட்டிச் சரி."

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அண்ணன் சொன்னதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லிப் பழக்கமில்லை.

அப்பா ஏன் ஒப்புக்கொண்டார் என்று பிறகு நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு வெளியூர்க்காரர் கோயில் முற்றத்தில் எத்தனை வருடம் விளக்குப் போட்டாலும் கூலிக்காரர்தான். அம்மனின் கதவுக்குள் போகச் சொல்லி வண்ணக்கரே கேட்டது அவருக்கு ஊருக்குள் ஓர் இடம் தந்த மாதிரி இருந்திருக்கும். அன்று பின்னேரம் அவர் புதுச் சாரம் உடுத்திக்கொண்டு போனார், வயர் இழுக்கப் போகிறவர் மாதிரி இல்லை.

அவர் செய்தது இவ்வளவுதான். கதவு நிலையில் இரண்டு பித்தளைத் தகடுகள். கதவு திறபட்டால் ஒன்றோடொன்று ஒட்டும். அவற்றிலிருந்து மெல்லிய பற்றரி வயர் ஒரு பால்மா டின்னுக்குப் போகும். டின்னுக்குள் ரிலே. அங்கிருந்து தடித்த வயர் பல்புக்கு. பல்பு அம்மனுக்குப் பின்னால், பட்டுக்கு மறைவில்.

கதவு திறந்த நாள் எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. வேப்பிலை, கமுகம்பாளை, நெருங்கி நின்ற ஆட்களின் வேர்வை. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டரை அப்பா வெகுதூரத்தில், வாவிக்கரையில் வைத்திருந்ததால் அதன் சத்தமும் ஒரு முணுமுணுப்புத்தான். கட்டாடியார் கதவைத் தள்ளினார். அம்மனின் முகம் பொன்னாக எழுந்து வந்தது. பிறகு எழுந்த குரவை என் காதை அடைத்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி மண்ணில் விழுந்து அழுதாள். "தாய் கண் திறந்திட்டா" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், அந்தச் சொல் பிடித்துக்கொண்டது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சொல்லுவார், "பல்பு பூட்டியிருக்கு" என்று சொல்லுவார் என்று அப்பா காத்துநின்ற மாதிரி இருந்தது. மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் அக்கரையிலிருந்து பாதை நிறையச் சனம் வந்தது. அதற்கடுத்த நாள் வான் பிடித்து வந்தார்கள். ஒவ்வொரு பூசைக்கும் கதவு திறந்தது, ஒவ்வொரு முறையும் முகம் எழுந்தது. அப்பா வீட்டில் சொன்னார், "இது சரியில்ல. ஆக்களுக்குச் சொல்ல வேணும்." அம்மா, "சடங்கு முடியட்டும். அண்ணன் சொல்லுவார்," என்றாள்.

கரைச்சல் இளந்தாரிகளால் வந்தது. முன்வரிசையில் நின்ற இரண்டு பேர், வெளிச்சம் வருகிற அதே நேரம் "டிக்" என்று ஒரு சத்தம் வருவதைப் பிடித்துவிட்டார்கள்.

"அம்மன் உச்சுக் கொட்டுறா மச்சான்," என்றான் ஒருத்தன்.

"உன்ட மூஞ்சையப் பார்த்தா ஆருதான் கொட்டாம இரிப்பா?"

சனம் சிரித்தது. மாமாவின் முகம் கறுத்தது. அன்றைக்கே அப்பாவிடம் வந்தார்.

"அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க."

"சீலை சுத்தித்தான் வச்சிரிக்கன். அதுக்கு மேல குறையா மச்சான்."

"அப்ப அதக் கழட்டுங்க. நேரா வயரக் குடுங்க."

"நேராக் குடுத்தா ஜெனரேட்டர் கரண்ட் கதவு நிலைக்கு வரும். ஈரக் கை பட்டா ஆள் முடிஞ்சிது. அந்த டிக்கெண்டுறதுதான் கட்டாடியாருக்குக் காவல்."

"நீங்க பெரிசாப் பயப்படுத்துறீங்க," என்று சொல்லிவிட்டு மாமா போனார்.

குளிர்த்தி நாள் மத்தியானம் டீசல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அப்பா கானைத் தூக்கிக்கொண்டு பாதையேறி அக்கரைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மாமா எங்கள் வாசலில் நின்றார்.

"புள்ள, கொப்பாட பையக் கொண்டு கோயிலடிக்கு வாகா."

வண்ணக்கர் கூப்பிட்டால் போவதுதான். கோயிலுக்குள் யாரும் இல்லை. கட்டாடியார் குளிக்கப் போயிருந்தார். மாமா பால்மா டின்னை வெளியே எடுத்துவைத்திருந்தார். சீலையை அவிழ்த்தார். குறடு கேட்டார், கொடுத்தேன். அவர் வெட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

"மாமா, அதக் கழட்டினாக் கதவுல கரண்ட் வரும். அப்பா சொன்னவர்."

"கொப்பாக்கு எல்லாத்துக்கும் பயம். நீ போ."

பல்பின் வயரை வெட்டி நேராகப் பித்தளைத் தகடுகளில் முறுக்கினார். நீலப் பெட்டியைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். "மாமாக்குத் தெரியாமலா செய்வார்?" என்றாள், தலையைத் தூக்காமலே. தம்பி அவள் முதுகில் தொங்கி விளையாடிக்கொண்டிருந்தான்.

கோயிலுக்குத் திரும்பி ஓடினால், சனம் கூடின நேரம் பொம்பிளைப்பிள்ளையைக் கதவடிக்கு விடமாட்டார்கள், வண்ணக்கரை மீறி என் சொல்லையும் கேட்கமாட்டார்கள். அதனால் துறைக்குப் போய் நின்றேன். எங்கள் ஊரில் குளிர்த்தி பொழுது சாயும் நேரம். பாதை அக்கரையிலேயே நின்றது. ஆள் சேராமல் பாதைக்காரன் எடுக்க மாட்டான். பறை கேட்கத் தொடங்கியது. நாங்கள் ஜெனரேட்டர் வைத்திருந்த பக்கத்திலிருந்து என்ஜின் சத்தமும் கேட்டது. மிச்சமிருந்த டீசலில் மாமா ஆள் வைத்து இயக்கியிருந்தார். பாதை கரை தட்டியதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கானைத் தண்ணீருக்குள்ளேயே போட்டுவிட்டு ஓடினார். டீசல் நிறம் நிறமாக வாவியில் பரந்தது. நாங்கள் பாதி வழி போகவில்லை, கோயில் பக்கம் பெண்கள் கத்துவது கேட்டது. அது குரவை இல்லை.

குளிர்த்தி என்றால் தண்ணீர். அம்மனைக் குளிரப் பண்ணுவதற்கு வேப்பிலையைத் தோய்த்துத் தோய்த்துத் தெளிப்பார்கள். கட்டாடியார் தலையிலிருந்து கால்வரை நனைந்த ஆளாக, கதவு நிலையைப் பிடித்திருக்கிறார். இரண்டு தகடும் ஒரே கைக்குள். அப்பா நேராக என்ஜினுக்கு ஓடி நிறுத்தினார். கட்டாடியார் சாகவில்லை. ஆனால் அந்த வலது கை விரல்கள் பிறகு நிமிரவே இல்லை. அடுத்த வருடம் முதல் அவருடைய மருமகன்தான் பூசை செய்தார்.

மறுநாள் காலை கோயில் முற்றத்தில் எல்லாக் குடித் தலைவர்களும் கூடினார்கள். ஆண்கள் இருந்தார்கள். பெண்கள் வேலியோரம் நின்றோம். வயர் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. அதை மறைக்க முடியாது. மாமா எழுந்து பேசினார்.

"முதல் நாள் வெளிச்சம் அம்மன் தந்தது. அது எல்லாருக்கும் தெரியும். கதவு பூட்டிக் கிடந்தது, திறப்பு என்ட மடியில இருந்தது. அதப் பார்த்துப்போட்டு எங்கட மச்சானுக்கு ஆசை வந்திரிக்கு. தன்ட கெட்டித்தனத்தக் காட்ட, ஆருமில்லாத நேரம் பார்த்துக் கள்ளமா வயர் இழுத்திரிக்கார். அம்மன் பொறுக்கல்ல."

இதற்குப் பதில் சொல்ல அப்பாவுக்கு ஒரே வழிதான் இருந்தது. அழுது விழுந்த அத்தனை பேரிடமும், நீங்கள் பார்த்தது பல்பு என்று சொல்ல வேண்டும். சடங்குக்கு முன்பே வண்ணக்கர் கதவைத் திறந்தார் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லத்தான் செய்தார். எந்த முகமும் அதைக் கேட்க விரும்பவில்லை.

"ரிலே இருந்தா இப்பிடி நடந்திராது. அது எங்க மச்சான்?" என்று கேட்டார்.

"என்ன ரிலே?" என்றார் மாமா.

நான் வேலியைத் தாண்டி முன்னால் போனேன். "மாமாதான் கழட்டினவர். நான்தான் குறடு குடுத்தனான். மடியில செருகினவர்."

ஒரு கிழவர், "தாயக் கேளுங்க," என்றார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வந்து என் கையைப் பிடித்தாள். பிடி இறுக்கமாக இருந்தது.

"இது அப்பன்ட பிள்ளை. அவர் சொல்லிக் குடுத்ததச் சொல்லுது. பின்னேரம் முழுக்க இது வீட்டதான் இருந்தது," என்றாள்.

அப்பா மாமாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டார். கோயில் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொன்னார்கள். ஊரில் ஒருத்தரும் ஜெனரேட்டர் கேட்டு வரக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அப்பா போய்விட்டார். ஜெனரேட்டரை விட்டுவிட்டு, காக்கிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். சில மாதம் கழித்து நானும் பள்ளிக்கூடச் சட்டையோடு பாதையேறி, பஸ் மாறி, கல்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் மீன் வள்ளங்களின் என்ஜின் திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திட்டவில்லை. ஒரு கோப்பை கூடுதலாகக் கழுவி வைத்தார். கடல் ஊருக்குள் வந்தபோது ஒரு பனையில் ஏறித் தப்பினோம். அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. பாசிக்குடா ஹோட்டலில் சீலை துவைத்தேன். குவைத்தில் இரண்டு வீட்டில் வேலை செய்தேன், ஒன்றில் சம்பளம் தரவில்லை. கொழும்பில் தைத்தேன். இடையிடையே அப்பாவிடம் வருவேன். நான் அம்மாவைப் பற்றி ஏதாவது தொடங்கினால் அவர் தடுத்துவிடுவார்.

"கொம்மாவக் குறை சொல்லாத. அவள் அண்ணன நம்பினவள். நம்புறது பிழையா? அவளுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்காகப் பேசியிருப்பாள்."

நெஞ்சு நோவில் அவர் செத்தபோதும் அம்மா வரவில்லை. அப்போதும் நான் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவளுக்குத் தெரியாது. நான் ஓடிவந்து சொன்னதைப் பிள்ளைக் கதை என்று விட்டிருப்பாள், நான் வீட்டில் இருந்ததாகச் சொன்னது என்னைக் கரைச்சலில் இருந்து காக்கத்தான். அவள் ஏமாந்தவள்.

மாமா செத்த பிறகு தம்பி வண்ணக்கர் ஆனான். போன வைகாசிக்கு அவனே ஃபோனில் கோல் எடுத்து வரச் சொன்னான். போனேன். கோயிலுக்கு இப்போது கரண்ட் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, அம்மன் கண் திறந்த கதையைச் சுவரில் வண்ணப் படமாகக் கீறியிருக்கிறார்கள். அம்மா மெலிந்து போயிருந்தாள். குசினியில் பலகை போட்டு உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். நிறைய நேரம் வேறு எதையோ பேசிவிட்டுக் கேட்டேன்.

"அண்டைக்கு மாமா சொன்னத நீங்க உண்மையெண்டு நம்பினீங்களா?"

அவள் சுளகை நிறுத்தவில்லை. "நம்பிறதுக்கு என்ன கிடக்கு? அண்ணன் குளிர்த்தியண்டு இரவே வந்து என்னட்ட அழுதவர். அந்த நீலச் சாமானையும் காட்டினவர்."

"கூட்டத்துக்கு முன்னயா?"

"ஓம்."

"பிறகு ஏன்மா?"

அப்போதுதான் சுளகைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், விளங்காத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"தம்பிக்கு அப்ப ஆறு வயசு," என்றாள்.

நம் முறை உங்களுக்குத் தெரியும். வண்ணக்கரின் பதவி அவர் பெற்ற பிள்ளைக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். சடங்குக்கு முன் கதவு திறந்த வண்ணக்கர் என்று மாமாவை இறக்கியிருந்தால், பதவி எங்கள் வயிற்றை விட்டு வேறு வீட்டுக்குப் போயிருக்கும். அம்மா ஒரு பக்கத்தில் புருஷனையும் மறு பக்கத்தில் மகனையும் வைத்து, ஒரே இரவில் முடிவெடுத்திருக்கிறாள். என்னை அவள் எந்தப் பக்கத்திலும் வைக்கவில்லை.

"அப்பா சாகுமட்டும் உங்களுக்குத் தெரியாதெண்டு நம்பினவர்," என்றேன்.

"நல்லதுதானே. நிம்மதியாப் போயிருப்பார்."

தம்பி வாசலில் வந்து நின்றான், நெற்றியில் திருநீறு, இடுப்பில் திறப்புக் கோர்வை. "என்னக்கா, முகம் ஒரு மாதிரி இரிக்கு?" நான் அவனிடம், கோயிலில் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவரில் பிழையில்லை என்று ஊருக்குச் சொல்லுவாயா என்று கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவனுக்கும் எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"இப்ப எதுக்கக்கா?" என்றான் மெதுவாக. "சுவரில படமெல்லாம் கீறிப்போட்டம்."

நான் பையை எடுத்தபோது அம்மா என் சீலைத் தலைப்பைப் பிடித்தாள். அவள் கையில் அந்தப் பழைய இறுக்கம் இல்லை.

"உனக்குச் சொல்லித்தான் ஆக வேணுமெண்டா, நான் செத்த பிறகு சொல்லு புள்ள. அதுவரைக்கும் பொறு."

நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. குளிர்த்திக்கு நிற்காமல் பாலத்தைக் கடந்து வந்துவிட்டேன்.

இதை நீங்கள் வாசிக்கிறீர்கள். அம்மா உயிரோடுதான் இருக்கிறாள்.